தேயிலை இயந்திரங்களும் மலையகத்தின் ஆக்கவுரிமையும்

2003ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமாகும். 1948இல் பறிக்கப்பட்ட உரிமை தொடர்பான நீண்ட போராட்டத்தின் ஒரு முக்கிய கட்டமாக அது அமைந்ததை மலையகம் நன்கறியும். அதற்கு அடுத்த இலக்கத்தைத் தாங்கியது புலமைச் சொத்துச் சட்டம். புதியதொரு பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டு கால ஆக்கவுரிமையை, அதாவது பேடன்டை, வழங்குவது இச்சட்டமே. முதலாவது சட்டத்தை அறிந்துள்ள அளவுக்கு இரண்டாவது சட்டத்தை நமது தோட்டங்கள் அறிந்திருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள் மலைகளுக்கு வரத் தொடங்கியுள்ள இவ்வேளையில் இந்த அறியாமைக்கு நாம் பெரும் விலை கொடுக்க நேரிடலாம்.

தேயிலைத் தொழிலின் வரலாறே ஒரு வகையில் ஆக்கவுரிமைகளின் வரலாறுதான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது, கொழுந்து பங்களா வராந்தாவில் மேசைகள் மீது கையாலேயே உருட்டப்பட்டது. மண் அடுப்புகளில் கரி நெருப்பின் மேல் அது உலர்த்தப்பட்டது. 1870களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய உருட்டும் இயந்திரங்கள் கையின் வேலையை இரும்பிடம் ஒப்படைத்தன. கச்சார் தோட்டங்களில் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன் 1877இல் 'சிரொக்கோ' எனும் உலர்த்தும் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்று, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை நிறுவினார். 1898இல் அவர் ஆக்கவுரிமை பெற்ற மையவிலக்கு விசிறி, தேயிலை ஸ்டோரோடு நின்றுவிடாமல் கப்பல்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் சென்றது. மடிக்கணினியின் வெப்பத்தை வெளியேற்றும் சிறு விசிறியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். இக்கண்டுபிடிப்புகள் தொலைதூர ஆய்வுகூடங்களில் தோன்றியவை அல்ல. தோட்டத்தில் இருந்து, அங்கு வேலை நடக்கும் விதத்தை நாள்தோறும் நேரிற் கண்டவர்களின் சிந்தனையில் உதித்தவை. ஆனால் எந்தக் கைகளின் அசைவைப் பார்த்து இயந்திரம் வடிவமைக்கப்பட்டதோ, அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இடம்பெறவில்லை. ஆக்கவுரிமையும் அதன் வருமானமும் துரைமாருக்குச் சென்றன. கூலி மட்டுமே தொழிலாளிக்கு எஞ்சியது.

உருட்டலும் உலர்த்தலும் 19ஆம் நூற்றாண்டிலேயே இயந்திரமயமாகிய போதிலும், கொழுந்து பறித்தல் இன்றுவரை பெரும்பாலும் பெண்களின் விரல்களையே நம்பியுள்ளது. ஜப்பானிய அறுவடை இயந்திரங்கள் சீரான வரிசைகளுக்கும் சமப்படுத்தப்பட்ட செடிகளுக்கும் பொருத்தமானவை. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் செங்குத்துச் சரிவுகளும் முதிர்ந்த செடிகளும் வேறு தன்மையன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற தெரிவை விரல் செய்வதுபோலக் கத்தி செய்வதில்லை. முற்றிய இலையும் காம்பும் கலந்தால் தரம் குறையும். ஸ்டோரில் காம்பு பிரித்த பெண்களின் இடத்தை, கமராவும் கணினிச் சில்லும் கொண்ட வெளிநாட்டு நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் பல இடங்களில் ஏற்கெனவே பிடித்துவிட்டன.

தொழிலாளர் பற்றாக்குறையையும் உற்பத்திச் செலவையும் காரணங் காட்டிக் கம்பனிகள் இயந்திரங்களை நாடுவதில் வியப்பில்லை. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தபோது இந்த வாதம் மேலும் வலுவாக ஒலித்தது. இயந்திரத்தை எதிர்ப்பது நமது நோக்கமல்ல. கொழுந்துக் கூடையின் பாரத்தைக் குறைக்கும் கருவியை எவரும் வரவேற்பர். ஆனால் கருவி வந்தபின் நிறை அளவு கூட்டப்பட்டு, அதை எட்டாதவருக்கு 'அரைப் பேர்' போடப்படுமானால், அந்த முன்னேற்றத்தின் பலன் யாருக்கு என்ற கேள்வி எழுகின்றது.

அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி சட்டத்திலேயே உண்டு. கண்டுபிடிப்பைச் செய்வதற்கென நியமிக்கப்படாத ஊழியர் ஒருவர், தொழில் வழியே கிடைத்த தகவல்களையோ வசதிகளையோ கொண்டு தொழில்தருநரின் துறையில் ஒன்றைக் கண்டுபிடித்தால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து உரிமை தொழில்தருநரைச் சாரும். எனினும் அதன் பொருளாதாரப் பெறுமதியையும் தொழில்தருநர் பெறும் பயனையும் கருத்திற்கொண்டு நியாயமான ஊதியம் பெற அந்த ஊழியருக்கு உரித்துண்டு. இணக்கம் ஏற்படாதபோது அதனை நீதிமன்றம் தீர்மானிக்கலாம். ஆக்கவுரிமைப் பத்திரத்தில் கண்டுபிடிப்பாளரின் பெயரும் இடம்பெற வேண்டும். ஆகவே, ஸ்டோர் மெக்கானிக்கோ கொழுந்து பறிக்கும் பெண்ணோ செய்யும் ஒரு திருத்தம் புதுமையும் கண்டுபிடிப்புத் தன்மையும் கொண்டிருந்தால், அது வெறும் 'யோசனை' அல்ல; பெயரும் பெறுமதியும் உள்ள சொத்து.

இன்னொரு வாய்ப்பையும் நமது இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. இலங்கையில் பதியப்படாத வெளிநாட்டு இயந்திரத்தின் ஆக்கவுரிமை இங்கு செல்லுபடியாகாது. காலம் முடிந்தவை உலகுக்கே பொதுவானவை. ஆக்கவுரிமை பெறுபவர் தமது கருவியின் நுட்பத்தை வெளிப்படையாக எழுதி வைப்பது கட்டாயம் என்பதால், இலட்சக்கணக்கான வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1206ஆம் ஆண்டளவில் அல் ஜஸரி தமது இயந்திரங்களை, பிறர் செய்து பார்க்கும் வகையில் படங்களுடன் நூலாக எழுதினார். கைவினைஞரின் அறிவு மறைக்கப்படாமல் பகிரப்படும்போதே வளரும் என்பதற்கு அவர் சிறந்த சான்று. ஹட்டன், நுவரெலியா நகரங்களின் பட்டறைகளில் உழைக்கும் தமிழ், முஸ்லிம் இளைஞர்களுக்கு இவை எட்டாத கனிகள் அல்ல.

எனவே சில கோரிக்கைகளை முன்வைக்க விரும்புகின்றோம். விண்ணப்ப வழிகாட்டலைத் தமிழில், மலையகத்திலேயே பெறுவதற்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வழிசெய்ய வேண்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் புதிய கருவிகளைப் பரீட்சிக்கும்போது, அவற்றைப் பயன்படுத்தும் பெண்களை வடிவமைப்பின் தொடக்கத்திலிருந்தே பங்காளிகளாக்க வேண்டும். தொழிற்சங்கங்கள், கம்பனிகளோடு செய்யும் உடன்பாடுகளில் சம்பளத்துடன் நிறுத்திக்கொள்ளாது, கண்டுபிடிப்புக்கான ஊதியத்தையும் இயந்திரம் வந்தபின் நிறை அளவு கணிக்கப்படும் முறையையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களும் பாடசாலைகளும், கருவியை வெளிப்படுத்துமுன் விண்ணப்பிக்க வேண்டும் என்ற அடிப்படைப் பாடத்தையாவது கற்பிக்க வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இயந்திரம் வந்தபோது மலையக மக்களிடம் வாக்குரிமையும் இல்லை, எழுத்தறிவும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. அன்று விடுபட்ட பெயர் இம்முறையும் விடுபடுமானால் அதற்கு வெள்ளைத் துரைமாரைக் குறைகூற முடியாது.