பெத்தாய் மரமும் இராத்திரி விருந்தாளியும்

பாசாரில் ஒரு கட்டுப் பெத்தாயை விலை கேட்டுவிட்டுப் பேசாமல் நகர்ந்து வரும் தாய்மார்கள் உங்களில் எத்தனை பேர்? காட்டில் தானாக முளைத்த மரத்தின் காய்க்கு இந்த விலையா என்று மனம் கேட்கத்தான் செய்யும். ஆனால் அது 30 மீட்டருக்கும் மேலே வளரக்கூடிய மரம். உச்சிக் கிளையில் தொங்குவதை ஏறிப் பறிப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

நாமே ஒரு மரம் வைக்கலாமே! விதைக்குப் பாசாரில் விற்கும் பச்சைக் காய் உதவாது, அது முற்றாதது. மரத்திலேயே முற்றிக் கறுத்த காயாகத் தேடுங்கள். கொட்டையை வெயிலில் காயவைத்து டின்னில் போட்டு வைக்கும் நம் பாட்டிமார் பழக்கம் அவரைக்கும் பூசணிக்கும் சரி, இதற்கு ஆகாது. காய்ந்தால் முளைப்புச் சக்தி போய்விடும். காயிலிருந்து எடுத்த கையோடு, எருக் கலந்த மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றி நிழலில் வையுங்கள்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும், மழை தொடங்கும் சமயம் பார்த்து நடலாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம். வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் புழு புகுந்துவிட்டது என்று பொருள், உடனே கவனியுங்கள்.

விதைக் கன்று காய்க்க ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். "சார், லயத்து வீடு நமக்குச் சொந்தமா? ஏழு வருடத்தில் தோட்டம் யார் கையில் இருக்குமோ!" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், பிறகு வீடமைப்புக்கு விற்கப்பட்டதையும் பார்த்த சமுதாயம் அல்லவா நாம்! அப்படிப்பட்டவர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது ஒட்டுக் கன்று வாங்குங்கள்; பாதிக் காலத்தில் காய்த்துவிடும். இல்லையேல் கம்பத்தில் சொந்த நிலம் உள்ள உறவினர் வீட்டில் நட்டு, காயில் பங்கு பேசிக்கொள்ளுங்கள். நான் சொல்வது விளையாட்டல்ல.

இனி, பலரும் அறியாத சங்கதி. பெத்தாய்ப் பூ மின்விளக்குக் குமிழைப் போல, நீண்ட காம்பில் கிளைக்கு வெளியே தொங்கும். இருட்டிய பிறகு தேன் சுரக்கும். தேனீ உறங்கும் அந்த வேளையில் விருந்துக்கு வருவது யார் தெரியுமா? வௌவால்! காம்பு நீண்டு தொங்குவதால் அதன் இறக்கை இலையில் சிக்குவதில்லை. தேன் குடிக்கையில் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டு போகிறது. டுரியான் பூவுக்கும் இதே வௌவால்தான் வேலைக்காரன். நாம் தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலையின் குகைகளிலும் இவ்வினம் குடியிருக்கிறது. இரை தேடி ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறக்கும்.

வௌவால் தரித்திரம் என்று குகையில் புகை போடுகிறவர்களும், வலை கட்டிப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் குன்றுகளை உடைப்பதால் அதன் இருப்பிடமும் குறைகிறது. பூ நிறையப் பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லையென்றால் உரத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். இராத்திரியில் மரத்தடியில் சற்று நின்று, மேலே இறக்கைச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

காய்ப்பு வந்ததும் பையன்களை மரமேற விடாதீர்கள். நீள மூங்கிலில் கொக்கி கட்டி, எட்டுகிற காயை மட்டும் பறியுங்கள். எட்டாதது அங்கேயே முற்றிக் கறுக்கட்டும். பக்கத்து வீட்டார் விதை கேட்டு வரும்போது உதவும்.