சுஃப்ராவில் படிந்த மஞ்சள் கறை

தறியோசை கேட்கும் காஞ்சிபுரத்தில், உணவுத் தட்டின் கீழே விரிக்க ஒரு முழத் துணி இல்லாமற் போய்விட்டது. வலீமா விருந்தாயினும் இஃப்தார் பந்தியாயினும், சுருளிலிருந்து கிழித்து விரிக்கப்படும் பிளாஸ்டிக் தாளே இன்று நம் சுஃப்ரா. உர்து பேசும் வீடுகளில் அதனையே தஸ்தர்கான் என்பர். பெயர் நிலைத்திருக்கிறது, துணிதான் இல்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுள் உணவு மேசையில் விரிக்கும் தாளும் ஒன்று. கடைப் பையை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனினும் சட்டத்தைவிட எம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. பந்தி முடிந்ததும் தாளின் நான்கு முனைகளையும் சேர்த்துச் சுருட்டுகிறோம். சோறும் இறைச்சியும் எலும்பும் அதனுள்ளேயே அடங்கிக் குப்பைக்குச் செல்கின்றன. நபி (ஸல்) அவர்கள் உயர்ந்த மேசையில் உண்டதில்லை, சுஃப்ராவில்தான் உண்டார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூய்மைப்படுத்தி உண்ணுமாறு கற்பித்ததும் அதே நபிவழியே. தூய துணியில் விழுந்த கவளத்தை எளிதில் எடுத்து உண்ணலாம். நாமோ அதனைச் சேர்த்தெறியும் வசதிக்காகவே விரிப்பைத் தேர்ந்தெடுக்கிறோம்.

துணியை ஏன் கைவிட்டோம் என்று கேட்டால், "கறை போகாதே" என்பதே விடை. கறை வேறு, நஜீஸ் வேறு. மஞ்சளும் குழம்பும் அசுத்தமல்ல. உண்மையான நஜீஸ் பட்ட ஆடையிலும்கூட, முறையாகக் கழுவிய பின் எளிதில் அகலாத நிறம் எஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது என்றே சட்ட நூல்கள் கூறுகின்றன. அவ்வாறிருக்க, தால்ச்சாவின் மங்கிய தடத்திற்காக ஒரு நல்ல துணியை ஒதுக்குவானேன்?

மேலும், கறை போகாது என்பதும் முழு உண்மையன்று. குழம்பு சிந்தியவுடன் தேய்க்கக் கூடாது. கரண்டியால் வழித்தெடுத்து, எண்ணெய்ப் பசையின்மீது கடலை மாவைத் தூவிச் சற்று நேரம் விட வேண்டும். பின்னர் துணியின் மறுபக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றி, அதன் பிறகே சவுக்காரமிட வேண்டும். அப்போது மஞ்சள் திடீரெனச் சிவக்கும். பலர் அஞ்சிக் கைவிடுவது இவ்விடத்தில்தான். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவந்து புளிப்பில் மீண்டும் மஞ்சளாகும், அவ்வளவே. நன்றாக அலசி, ஈரத்தோடு நேரான வெயிலில் விரித்தால் நாளடைவில் மங்கிவிடும். மஞ்சள் வெயிலுக்கு நில்லாத சாயம் என்பதைச் சாயத்தொழில் அறிந்த இவ்வூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேநீர்க் கறையைக் காயுமுன்பே நீரில் அலசிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் பருத்தி நூலையே நைந்துபோகச் செய்யும். அதனோடு எலுமிச்சையோ வினிகரோ ஒருபோதும் சேரலாகாது. நச்சு வாயு எழும். சரிகைப் பட்டு விரிப்பைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், குழம்புக்கு வேண்டாம். பட்டு, பருத்தியைப்போல் காரத்தைத் தாங்காது.

இவ்வளவும் எளிதென்றால் பிளாஸ்டிக் ஏன் வென்றது? விருந்துண்டவர் ஆண்கள், துவைத்தவர் பெண்கள். இருபது பேர் உண்டெழுந்த நீண்ட துணியை, நள்ளிரவில் பாத்திரங்களோடு சேர்த்து ஒருத்தி தேய்க்க நேர்ந்த வீட்டில், சுருட்டி எறியும் தாள் விடுதலையாகவே தோன்றியிருக்கும். அவளைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இச்செய்தியை ஜுமுஆ மேடைகளில் கேட்டுத் தலையசைக்கும் நாம், உண்டெழுந்த சுஃப்ராவைக் கொல்லைக்கு எடுத்துச் சென்று உதறி, வாளியில் ஊறவைப்பதற்கு எந்தக் கல்வியும் தேவையில்லை. துணி சுஃப்ரா மீண்டும் வரட்டும் என்று சொல்லும் ஆண், முதலில் தோய்க்கும் கல்லருகே நிற்கட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் அடுத்த ரமளானுக்கு முன் இதனை எண்ணிப் பார்க்கலாம். நோன்புக் கஞ்சி பரிமாற வெண்துணி வேண்டாம். அடர்நிறக் கட்டம் போட்ட பருத்திக் கைலித் துணியை நீளமாக மூட்டினாற் போதும். கறை கண்ணுக்கே தெரியாது. புதுத்துணி சாயம் விடக்கூடும் என்பதால், முதன்முறை மட்டும் தனியே துவைத்துவிடுங்கள்.