கறுத்த காகிதம் சொல்வதைக் கேட்பது யார்?

நாடாளுமன்றத்தில் குடிநீர் பற்றிய வினா பட்டியலில் இடம்பெறும் நாள்களில், அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதிலுடன் நீண்ட இணைப்புகளும் வந்து சேரும். எந்த மாநிலத்தில் எத்தனை ஆய்வுக்கூடங்கள், எத்தனை களச் சோதனைப் பெட்டிகள், பயிற்சி பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக எண்கள் அடுக்கப்பட்டிருக்கும். செய்தியாளர்களாகிய நாங்கள் அதிலிருந்து ஒரு பத்தியை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த அமளியைக் கவனிக்கப் போய்விடுவோம். சோதித்த பெண் கண்டறிந்தது என்ன, அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்தது என்ன என்ற வினாவை உறுப்பினர்களும் பெரும்பாலும் எழுப்புவதில்லை, நாங்களும் எழுப்புவதில்லை.

குடிநீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்பதை ஒரு காகிதத் துண்டைக் கொண்டு அறியும் முறை இந்தியாவிலேயே உருவானது என்பது பலருக்குத் தெரியாது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சாவும் அவருடைய சகாக்களும் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் அதை வெளியிட்டனர். முறை மிக எளிது. சில உப்புகளிலும் புரதச் சத்திலும் தோய்த்து உலர்த்திய காகிதத்தை ஒரு சிறு குப்பியில் இட்டு, சந்தேகத்துக்குரிய தண்ணீரை அதில் ஊற்றி மூடி வைக்க வேண்டும். நம் நாட்டு வெப்பமே போதும். தனியாக வெப்பப்பெட்டி தேவையில்லை. குடலில் வாழும் கிருமிகளோடு சேர்ந்து காணப்படும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருந்தால், அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காகிதத்தில் உள்ள இரும்புடன் சேர்ந்து கறுக்கும். இரவு வைத்தால் மறுநாள் விடை தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கறுப்பைப் படித்துவிட முடியும். மின்சாரமோ நுண்ணோக்கியோ மாவட்டத் தலைநகருக்குப் பேருந்துப் பயணமோ வேண்டியதில்லை.

அந்தக் குப்பி இன்று அரசுத் திட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. 2019 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். நாடு முழுவதும் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பயிற்சி பெற்றிருப்பதாக அரசு கூறுகிறது. அவர்களிடம் தரப்படும் பெட்டியில் நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, கடினத்தன்மை, எஞ்சிய குளோரின் போன்றவற்றைக் கண்டறியும் ரசாயனங்களும் வண்ண அட்டைகளும் உண்டு. திட்ட ஒதுக்கீட்டில் 2 சதவீதம் வரை தரக் கண்காணிப்புக்கு மாநிலங்கள் செலவிடலாம். 2025 பிப்ரவரியில் தாக்கலான நிதிநிலை அறிக்கையில் இந்தத் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது.

ஆகவே கருவி இல்லை என்றோ, அதைப் பயன்படுத்த ஆள் இல்லை என்றோ இனி எந்த அரசும் கூற முடியாது. கறுத்த காகிதத்துக்குச் சட்டத்தின் பார்வையில் என்ன மதிப்பு என்பதே இப்போது எழும் வினா. எந்த மதிப்பும் இல்லை என்பதுதான் உண்மை.

இதன் விளைவைக் கங்கைச் சமவெளியில் காணலாம். மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருப்பது 1980-களின் தொடக்கத்திலேயே மருத்துவர்களுக்குத் தெரியவந்தது. பிகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் செமரியா ஓஜாபட்டி என்ற கிராமத்தில் 2002-இல் அது கண்டறியப்பட்டது. அடுத்து உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நிறமோ மணமோ சுவையோ இல்லாத நஞ்சு இது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து, உடலில் புள்ளிகள் தோன்றும்போதுதான் குடித்தவருக்கே தெரியவரும். அதற்குள் ஆண்டுகள் பல கடந்திருக்கும். புற்றுநோய் அதற்கும் பிறகு வருவது. அசுத்தமான குளத்து நீருக்கு மாற்றாக, மக்களைக் காப்பதற்கென்று தோண்டப்பட்ட ஆழ்குழாய்களிலிருந்தே இந்த நஞ்சு வந்தது என்பது இதில் உள்ள கொடுமை.

ஆர்செனிக்கைக் கண்டறிவதற்கும் காகிதம்தான் பயன்படுகிறது. தண்ணீரில் அமிலத்தையும் துத்தநாகத் தூளையும் சேர்த்தால் ஆர்சின் வாயு எழும். புட்டியின் வாயில் பொருத்திய, மெர்குரிக் புரோமைடு தோய்த்த காகிதம் அந்த வாயு பட்டு மஞ்சளாகவும் பின்னர் பழுப்பாகவும் மாறும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவை மதிப்பிட வேண்டியதுதான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேதியியலார் அறிந்த முறை இது. நம் அண்டை நாடான வங்கதேசம் இதைக்கொண்டே 2000-ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தது. நஞ்சுள்ள பம்புக்குச் சிவப்பு வண்ணம், நல்ல பம்புக்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டது. கிணறுகளை மூடும் அளவுக்கு அங்கே பணம் இருக்கவில்லை. ஆனால் சோதனை முடிவு அலுவலகக் கோப்பில் உறங்காமல் பம்பின் மீதே எழுதப்பட்டது. பக்கத்து வீட்டுப் பச்சைப் பம்பை நாடிக் குடத்தோடு நடந்த பெண்கள் ஏராளம். சிவப்பு வண்ணம் மங்கிய பிறகு மீண்டும் பூச ஆளில்லாமல் போனதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

காகிதச் சோதனையை எதிர்ப்போரின் வாதத்தையும் புறந்தள்ள முடியாது. ஆர்செனிக் களப் பெட்டிகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்ற வினாவை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களே 2002-இல் எழுப்பினர். அளவு மிகுதியாக இருக்கும்போது காகிதம் தவறுவது குறைவு. குறைந்த அளவுகளில்தான் தடுமாறுகிறது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது இந்தியத் தர அளவு. அந்த எல்லைக் கோட்டருகே மஞ்சளின் சாயலைக் கண்ணால் பிரித்தறிவது எளிதல்ல. கறுக்கும் காகிதமும் அப்படியே. மலக்கழிவோடு தொடர்பில்லாத பாக்டீரியாக்களாலும் அது கறுக்கக்கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட மதிப்பாய்வு சுட்டிக்காட்டியது. நல்ல பம்பைக் கெட்டது என்று முத்திரையிட்டால், மக்கள் அதைவிட மோசமான குளத்துக்குப் போக நேரலாம்.

இந்தக் குறைகளைச் சொல்லிக் காகிதத்தை ஒதுக்கிவிடுவது தீர்வாகாது. காகிதம் எச்சரித்தால் குறிப்பிட்ட நாள்களுக்குள் ஆய்வுக்கூடம் அதை உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், குறைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும். அந்தக் கட்டாயம்தான் சட்டத்தில் இல்லை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர நிர்ணயம், குழாய்வழி நீர் வழங்கும் வாரியங்களையும் ஊராட்சிகளையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. விலைக்கு விற்கப்படும் பாட்டில் தண்ணீருக்கோ உணவுப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. காசு கொடுத்து வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, ஊராட்சிக் குழாயில் பிடிப்பவருக்கு இல்லை.

2019 நவம்பரில் அன்றைய மத்திய உணவு, நுகர்வோர் நலத்துறை அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் பெருநகரங்களின் குழாய்நீர் பற்றிய தர நிர்ணய அமைவனத்தின் அறிக்கையை வெளியிட்டபோது இந்த விவகாரம் சில நாள்கள் சூடுபிடித்தது. மும்பையின் மாதிரிகள் அனைத்தும் தேறின. தில்லியின் 11 மாதிரிகளும் தோற்றன. சென்னையும் தேறவில்லை. தர நிர்ணயத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பாஸ்வான் கூறினார். தில்லி சட்டப்பேரவைத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. ஆய்வு முடிவு பொய் என்று முதல்வர் அரவிந்த் கேஜரிவால் தரப்பு சாட, மாதிரி எடுத்த வீடு யாருடையது என்பது வரை வாக்குவாதம் நீண்டது. தேர்தல் முடிந்தது, வாக்குவாதமும் முடிந்தது. தண்ணீர் குறித்த சட்டம் மட்டும் வரவில்லை.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது மத்திய அரசின் வழக்கமான விடை. மாநிலங்களின் உரிமையில் தில்லி தலையிடக் கூடாது என்பதில் தமிழகத்தவருக்கு இரு கருத்து இருக்க முடியாது. ஆனால் திட்டத்துக்கான நிதியை நிபந்தனைகளோடு வழங்குவதும், ஆதார் இணைப்பைக் கேட்பதும், தகவல்களைத் தில்லியில் உள்ள கணினியில் ஏற்றச் சொல்வதும் மத்திய அரசுதான். சோதனை முடிவை அந்த ஊரின் குழாயடியிலேயே எழுதி வைக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதால் கூட்டாட்சி குலைந்துவிடாது. மாநில அரசுகளும் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இதைச் செய்யலாம். எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் இதில் முந்திக்கொள்ளவில்லை என்பது கவனத்துக்குரியது. மாசற்ற நீரைப் பெறுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

விஞ்ஞானிகள் இதற்கிடையே காத்திருக்கவில்லை. பாலில் கலக்கப்படும் யூரியா, சோப்பு, மாவு முதலியவற்றை அரை நிமிடத்தில் காட்டும் காகிதக் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் அறிவித்தது. கரோனா காலத்தில், 2020-இல், தில்லி ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான காகிதப் பட்டைச் சோதனைக்குச் சத்யஜித் ராயின் துப்பறியும் நாயகன் ஃபெலூதாவின் பெயரே சூட்டப்பட்டது. இவையெல்லாம் அறிவிப்பு நாளில் முதல் பக்கச் செய்தியாகின்றன. அவற்றை வாங்கி ஊராட்சியிடம் ஒப்படைக்கும் பொறுப்பு எந்தத் துறையுடையது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் குடிநீர்த் துறை பற்றி வினா எழுப்ப எண்ணும் தமிழக உறுப்பினர்கள், எத்தனை பெட்டிகள் வழங்கப்பட்டன என்று கேட்பதைத் தவிர்க்கலாம். அந்த விடை ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. களச் சோதனையில் தவறியவற்றில் எத்தனை ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன, எத்தனை நாள்களில் முடிவு வந்தது, அதுவரை அந்த ஊர் மக்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று மாவட்டவாரியாகக் கேட்கட்டும்.