ஏற்காட்டின் பருவம் எது?

சேலத்து அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற எவரும், ஆண்டின் எந்த மாதத்தில் ஏறினாலும், ஊருக்குள் நுழைந்த சற்று நேரத்துக்கெல்லாம் ‘சீசன்’ என்ற சொல்லைக் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. சித்திரையில் போனால், “சீசன் டைமுங்க, ரூம் கிடைக்கிறது கஷ்டம்” என்கிறார் விடுதிக்காரர். மார்கழியில் போனால், “இப்போ ஆஃப் சீசன்தானுங்க, பார்த்துப் போட்டுக் கொடுத்திடலாம்” என்கிறார். இரண்டு வாக்கியங்களிலும் மரியாதைக்குக் குறைவில்லை. வியாபாரக் கணக்கிலும் பிழையில்லை. ஆயினும் பின்னதாகச் சொன்ன வாக்கியம் சேர்வராயன் மலையைப் பற்றி உண்மைக்கு மாறான ஒரு செய்தியைச் சொல்கிறதென்பதும், அச்செய்தி நாளடைவில் நம் எல்லோருடைய மனத்திலும், அதிகாரிகளுடைய மனத்திலும்கூட, உறைந்துபோய்விட்டதென்பதும் என் அபிப்பிராயம்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் வயல்வெளி. விதைப்பைக் குறித்த லத்தீன் சொல்லொன்று, பிரெஞ்சில் விதைப்புக்குரிய காலத்தைக் குறித்து, ஆங்கிலத்துக்கு வந்து ஆண்டின் நான்கு பருவங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. பழமோ மீனோ தனக்குரிய காலத்தில் கிடைத்தால் அதை ‘இன் சீசன்’ என்று வெள்ளைக்காரன் சொல்வான்; அதே சொல்லுக்கு முன்னால் ‘த’ என்ற சுட்டைச் சேர்த்து ‘த சீசன்’ என்றானானால், லண்டனில் பிரபுக்கள் கூடி விருந்தும் நடனமுமாகக் கழித்த மாதங்களை நினைத்துச் சொல்கிறான் என்று கேட்பவர்கள் அறிந்துகொள்வார்கள். தமிழில் அத்தகைய சுட்டு இல்லையாதலால், இரண்டு பிரயோகங்களும் நம்மிடம் வந்து ஒன்றாகக் கலந்துவிட்டன. முன்னால் ஓர் அடைமொழி இருக்கும்வரையில் தொல்லையில்லை: மாம்பழ சீசன் என்றால் சேலத்துக் கடைத்தெருவில் மல்கோவா வந்திறங்கும் மாதங்கள், கல்யாண சீசன் என்றால் முகூர்த்த நாட்கள் நெருங்கி வரும் மாதங்கள். ஆனால் மலையூர்களில் அடைமொழியின்றித் தனியே ‘சீசன்’ என்று சொல்லும்போது, மலையின் பருவம் என்ற பொருள் மறைந்து, மலைக்கு மற்றவர்கள் வருகிற பருவம் என்ற பொருள் ஒன்றே எஞ்சுகிறது. குற்றாலம் இதற்கு விலக்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் சாரல் விழுந்து அருவி பெருகுகிற ஆனி, ஆடி மாதங்களையே அங்கே சீசன் என்கிறார்கள். ஜனங்கள் வருவதும் அந்த நீருக்காகவே.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. சென்னை ராஜதானியின் அரசாங்கம் கோடைதோறும் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்த நாட்களில், சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சிய துரைமார்களின் வருகையே மலைவாசஸ்தலங்களின் பஞ்சாங்கத்தை வகுத்தது. ஏற்காடோ அரசாங்கம் வந்து தங்கிய ஊரன்று, தோட்டக்காரர்களின் ஊர். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்து ஊன்றிய காப்பிதான் இம்மலையின் சரிவுகளை உருமாற்றிற்று. ஆகவே, மற்ற மலைகளில் எப்படியிருப்பினும், சேர்வராயனில் ‘சீசன்’ என்ற சொல் வருகிறவர்களை மட்டும் குறிப்பது பொருந்தாது. இங்கே நிலத்துக்கே ஒரு காலக்கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு பூமழையில் தொடங்குகிறது. பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ நல்லதொரு மழை பெய்து, எட்டுப் பத்து நாட்கள் சென்றபின், காப்பிச் செடிகள் ஒரே சமயத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகையை நினைவூட்டும் வாசனையை மலையெங்கும் பரப்பிச் சில நாட்களிலேயே வாடிவிடுகின்றன. பூத்தது பழுக்க எட்டு ஒன்பது மாதமாகிறது. கோடை விழாவின் மலர்க்கண்காட்சி முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் இறங்கிப்போய், படகுத்துறை வெறிச்சோடி, கடைக்காரர்கள் ‘சீசன் முடிந்தது’ என்று பெருமூச்சு விடுகிற மாதங்களிலெல்லாம் காய் மரநிழலில் மெல்ல முற்றிக்கொண்டிருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் சிவக்கத் தொடங்குகிறது.

பழம் எடுப்பதை ஒரு முறையாவது அருகில் நின்று பார்த்தவர்கள் அக்காலத்தை ‘ஆஃப்’ என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஒரே கொத்தில் பச்சைக் காயும், மஞ்சளித்ததும், நன்கு சிவந்த பழமும் கலந்தே இருக்கும். கொத்தை அப்படியே உருவினால் தரம் கெடுமாதலால், மடியைக் கட்டிக்கொண்டு சரிவில் கால் ஊன்றி நிற்கும் பெண்கள், பனியில் நனைந்த இலைகளுக்குள் கைவிட்டு, சிவந்ததை மட்டும் விரல் நுனியால் திருகி எடுத்து, மற்றவற்றை விட்டுவைத்து, அதே செடிக்குச் சில வாரங்களில் மறுபடியும் வருகிறார்கள். மாலையில் மூட்டைகள் எடைக்கு வருகின்றன. எடுத்த பழத்தை வைத்திருந்தால் புளித்துப்போகும் என்பதால் அன்றே தோலுரித்தாக வேண்டும். பின்னர் கழுவிக் களத்தில் பரப்பி, பகலெல்லாம் கிளறிக்கொடுத்து, பனி இறங்குமுன் மூடிவைக்க வேண்டும். ஒரு கிலோ கொட்டைக்குச் சுமார் 5 அல்லது 6 கிலோ பழம் வேண்டியிருக்கிறது. சேலத்திலோ சென்னையிலோ அதிகாலையில் ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடிக்கிற நமக்கு, அது எந்த மாதத்து விரல்களின் வேலை என்ற நினைவு சிறிதேனும் இருப்பது நியாயம்.

தமிழ் இலக்கண மரபும் இந்த நியாயத்தின் பக்கமே நிற்கிறது. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியுமாகும். அதாவது ஐப்பசி முதல் தை முடிய. வேனிலை அது பாலைக்குக் கொடுத்தது. காப்பி இம்மலைக்கு வந்து இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அதன் அறுவடை அந்தப் பழைய பொழுதுக்குள்ளேயே பெரும்பாலும் வந்து விழுந்தது தற்செயல்தான். ஆயினும் மலையை அதன் குளிர்காலத்தில் வைத்து அறிந்தவர்கள் நம் முன்னோர்கள் என்பதையும், அவர்களுடைய வாரிசுகளாகிய நாம் அதே காலத்தை வெற்றுக்காலம் என்று சொல்லிவருகிறோம் என்பதையும் எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

கோடையைப் பற்றி எனக்குக் குறையொன்றுமில்லை. இம்மலையின் பழங்குடிகளான மலையாளிகள் தங்கள் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் குகைக்கோயிலில் திருவிழா எடுப்பது மே மாதத்தில்தான். சுற்றுலா வருமானத்தால் அடுப்பெரிகிற குடும்பங்களும் அனேகம். அந்த நாட்களில் மாவட்ட நிர்வாகம் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது. அடிவாரப் பாதையை ஏறுவதற்கும் குப்பனூர்ப் பாதையை இறங்குவதற்குமாகப் பிரித்து நெரிசலைத் தணிக்கிறது. இவையெல்லாம் வேண்டிய காரியங்களே. ஆனால் அதே கவலை கார்த்திகையிலும் இருக்க வேண்டுமென்பதே என் வாதம்.

ஏனெனில் மலைக்கு உண்மையான ஆபத்து வருவது அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் பழம் சிவக்கும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த பெருமழையில், ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுபோயிற்று. உல்லாசப் பயணி ஒருவருக்கு அது ஒத்திவைக்கக்கூடிய பிரயாணம். மலைக்கிராமத்திலிருந்து பிரசவத்துக்குக் கீழே போக வேண்டிய பெண்ணுக்கும், மழையில் வெடித்து உதிரும் பழத்தைக் கண்ணெதிரே இழக்கிற சிறு விவசாயிக்கும், களத்தில் கொட்டை காயாமல் பூசணம் பிடிக்கப் பார்த்திருப்பவனுக்கும் அது ஒத்திவைக்க முடியாத சங்கடம்.

ஆதலால் மலைப்பாதையின் ஓரக் கால்வாய்களைத் தூர்வாருவது, தளர்ந்த சரிவுகளுக்குத் தாங்குசுவர் எழுப்புவது முதலிய வேலைகளைப் புரட்டாசி முடிவதற்குள் பூர்த்தி செய்துவிட வேண்டும்; மண் சரிந்தால் அள்ளுவதற்கான இயந்திரங்களைப் பருவமழை ஓயும்வரை மலைமேலேயே நிறுத்திவைக்க வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை, கிராமங்களுக்குச் செல்லும் மாலைப் பேருந்துகள், தோட்டங்களில் எடை முடிந்து பெண்கள் சாலைக்கு வந்துசேர்ந்த பிறகு புறப்படும்படி நேரத்தை அமைக்க வேண்டும். அந்த மாதங்களில் மலையில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது.