அந்த இரண்டு மணி நேரம் அவள் வீட்டில் இல்லை



மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் நர்சிங் முடித்த பெண். இங்கிலாந்தில் வேலைக்குப் போக ஐயெல்ட்ஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுத வேண்டுமாம். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி கோச்சிங் போவதென்றால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். “வீட்டிலிருந்தே படித்துப் பாஸ் பண்ண முடியுமா?” என்று கேட்கிறார்.

முடியும் மகளே. ஆனால் என் பதிலில் பாதி உங்கள் வீட்டாருக்கு.

இந்தப் பரீட்சையில் பாஸ், ஃபெயில் கிடையாது. 9 வரை மதிப்பெண்; அதை பேண்ட் என்பார்கள். இங்கிலாந்தின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் கேட்பது படிப்பது, கேட்பது, பேசுவதில் 7, எழுதுவதில் 6.5. ஓஇடி என்று மருத்துவத் துறையினருக்கே உள்ள தேர்வும் செல்லும். அதில் நோயாளிக்காக ரெஃபரல் லெட்டர் எழுதச் சொல்வார்கள். உங்களுக்குக் கை பழகிய வேலை. கட்டணம்தான் கூடுதல். மாதிரித் தாள்கள் இரண்டுக்குமே அந்தந்தத் தேர்வின் இணையதளத்தில் இலவசம். இரண்டிலும் ஒவ்வொன்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி வீட்டாரிடம் ஒரு கேள்வி. பணம் கட்டி மகளைச் சென்னைக்கு அனுப்பியிருந்தால், நடுவகுப்பில் “தண்ணி வருது, குடத்தை எடுத்துட்டு வா” என்று கூப்பிடுவீர்களா? வீட்டில் இருக்கிறாள் என்பதாலேயே தண்ணீரும் அவள், விருந்தாளிக்கு டீயும் அவள், தம்பியின் ஹோம்வொர்க்கும் அவள். பிறகு “நாள் பூராவும் வீட்டிலதானே இருந்தே, என்ன படிச்சே?” என்றும் கேட்போம். நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், என் வீடு உட்பட.

கேட்டல் பகுதி 30 நிமிடம், 40 கேள்விகள். ஒலிப்பதிவை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள். பக்கத்து அறையில் சீரியல் அழுதுகொண்டிருந்தால் அதற்கு எப்படிப் பழகுவது? அதிகாலை பாங்கு சத்தத்தோடு எழுந்து இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் தம்பியும் செய்ய ஒன்று இருக்கிறது. இந்த சீசன் ஐபிஎல்லை இங்கிலீஷ் வர்ணனையில் பாருங்கள். ஆஸ்திரேலியர், இங்கிலாந்துக்காரர் என்று விதவிதமான உச்சரிப்பு காதில் விழும். தேர்விலும் அப்படித்தான் வரும்.

பலரும் தடுக்கி விழுவது பேசுவதில். இங்கிலீஷ் தெரியாமல் அல்ல, கூச்சத்தால். தேர்வாளர் ஒரு தலைப்பு கொடுப்பார். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். போனில் ரெக்கார்டரைப் போட்டு, சத்தமாகப் பேசுங்கள். லண்டனைப் பற்றிக் கற்பனை செய்ய வேண்டாம். உங்கள் பக்கத்து விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் அகல் விளக்கு எப்படி வார்க்கிறார்கள் என்று சொல்லுங்களேன்! எதிரே பாட்டியை உட்கார வையுங்கள். பாட்டிக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எங்கே திக்கினீர்கள் என்று சரியாகச் சொல்லிவிடுவார். வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதுவதை மட்டும் தனியாகச் சமாளிக்க முடியாது; நம் தவறு நம் கண்ணுக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருப்பார். வாரம் இரண்டு கட்டுரைகளைத் திருத்தித் தரக் கேளுங்கள். சும்மா வேண்டாம், ஒரு தொகை கொடுங்கள். கோச்சிங் செலவில் அது எத்தனை பங்கு?

அவசரப்பட்டுத் தேதி மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று உங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐயெல்ட்ஸ் கட்டணம் பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. முடிவு செல்லுபடியாவதோ 2 ஆண்டுகள். நேரம் வைத்து எழுதிய மாதிரித் தாள்களில் தொடர்ந்து நினைத்த மதிப்பெண் வந்த பிறகு கட்டினால் போதும். அதுவரை “இன்னும் எழுதலையா?” என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்வது அம்மாவின் பொறுப்பு.

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள் மகளே. அடுத்ததை இங்கிலீஷில் எழுதுங்கள். 250 வார்த்தை, 40 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்