மணலூர்பேட்டையில் ஓர் இசை அரங்கம்: லாபம் வருமா?



சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மத்ரஸாவுக்கு வந்தார். பதினோரு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன் விரித்தார்.

"ஹஜ்ரத், கூட்டாளிங்க நாலு பேரு. என்னையும் சேர்த்தா அஞ்சு. ஆளுக்கு எட்டு லட்சம். நம்ம ஊருல ஒரு இசை அரங்கம் கட்டப் போறோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் எதிர்பார்த்த வார்த்தை என்ன என்பது எனக்குத் தெரியும். "ஹராம்" என்று சொல்வேன், அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து எழுந்து போய்விடலாம், பிறகு கூட்டாளிகள் வற்புறுத்தினால் பணத்தைப் போட்டுவிடலாம் என்பதே அவருடைய மனக்கணக்கு. நம் இளைஞர்கள் பலர் உலமாக்களை இப்படித்தான் அணுகுகிறார்கள். பதில் முன்கூட்டியே தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டு, கேட்ட கடமை தீர்ந்தது என்று போய்விடுகிறார்கள்.

மார்க்க நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இசைக்கருவிகளைப் பற்றி அறிஞர்களிடையே உரையாடல் இல்லாமல் இல்லை. இப்னு ஹஸ்ம் போன்றோர் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தனர். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். திருமணத்தில் தஃப் அடிப்பதற்கு அனுமதி உண்டு. ஆயினும் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்தே வந்துள்ளனர். நான் ஓதியதும் அவ்வழியே. ஆகவே அத்தொழிலில் பணம் போடுமாறு என்னால் சொல்ல இயலாது. இதை அவரிடமும் சொன்னேன்.

ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. "தம்பி, அந்தத் தாளை இப்படிக் கொடுங்க, கணக்கைப் பார்ப்போம்" என்றேன். அவர் வியப்போடு பார்த்தார்.

தாளில் எழுதியிருந்தது இதுதான். 300 நாற்காலிகள். ஒரு சீட்டு 200 ரூபாய். மாதம் நான்கு நிகழ்ச்சிகள். ஒரு நிகழ்ச்சிக்கு வரவு 60,000, செலவு 35,000, மிச்சம் 25,000. மாதம் ஒரு லட்சம், ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம். போடும் 40 லட்சமும் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் திரும்பிவிடும். கூட்டல், பெருக்கல் எதிலும் பிழையில்லை. பிழை இருந்தது, எழுதப்படாத இடத்தில்.

முதல் கேள்வி: ஒவ்வொரு முறையும் 300 நாற்காலிகளும் நிறையும் என்று யார் சொன்னது? இரண்டாவது: மெல்லிசைக் குழுவுக்கு 25,000 போதும் என்று யாரிடம் விசாரித்தீர்கள்? அங்கேயே அமர்ந்து இரண்டு இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்டார். வாகன வாடகையும் சாப்பாடும் சேர்த்து 40,000க்குக் குறைவாக எவரும் வருவதாக இல்லை. ஒலி, ஒளி அமைப்புக்கு 10,000. சுவரொட்டி, காவலாள், துப்புரவு, மின்சாரம் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகப் போட்டாலும் 8,000. ஆக 58,000 செலவு. அரங்கம் முழுதும் நிறைந்தால் மிஞ்சுவது 2,000 ரூபாய். 290 பேர் சீட்டு வாங்கினால்தான் கைப்பணம் போகாமல் தப்பிக்கலாம். பாதி அரங்கம் நிறைந்தால் ஒரே இரவில் 28,000 நட்டம். கட்டடத்துக்குப் போட்ட 40 லட்சம் இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை.

அவர் முகம் வாடியது. "டிக்கெட்ட 400 ஆக்கிடலாமே ஹஜ்ரத்?" என்றார். 500 ரூபாய் வரை உள்ள இசை நிகழ்ச்சிச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது உண்மைதான். அந்த வகையில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் கரும்பு வெட்டி, நெல் அறுத்துப் பணம் கைக்கு வரும் மாதங்கள் எத்தனை, நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் 1,600 ரூபாய் கொடுத்துப் பாட்டுக் கேட்க வரும் மாலைகள் எத்தனை என்பதை நம் ஊரில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் இந்த விஷயத்தின் வேர் இருக்கிறது. நம் பகுதியில் இசைக்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழாவில் கச்சேரி உண்டு, தெருக்கூத்து விடிய விடிய நடக்கும், திருமண வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடும். தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு நம் தென்பெண்ணைக் கரைக்கு வரும்போது கூடும் கூட்டத்தை யாவரும் அறிவர். நம் சமுதாயத்திலும் அப்படியே. 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரலைக் கேட்க எத்தனை ஆயிரம் பேர் திறந்தவெளியில் திரண்டார்கள்! மீலாது மேடையிலும் அரசியல் மேடையிலும் பாடிய அவரைக் கேட்கப் பெரும்பாலோர் காசு கொடுத்ததில்லை. செலவை ஏற்றவர்கள் விழா எடுத்தவர்கள். கேட்பவர் கொடுப்பதில்லை, அழைப்பவர் கொடுக்கிறார் என்பதே நம் நாட்டுப்புறத்தின் நெடுநாள் வழக்கம். வாசலில் சீட்டுக் கிழிக்கும் அரங்கம் இவ்வழக்கத்துக்கு எதிராக நிற்கப் போகிறது. தெருமுனையில் இலவசமாகக் கிடைப்பதை 200 ரூபாய்க்கு விற்பது எளிதன்று.

"சென்னையில நடக்குதே ஹஜ்ரத்" என்றார். நடக்கிறது, எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதமி, தனக்கென்று பேரரங்கம் ஒன்றைத் திறந்தது 1962இல். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்துக்கு இராஜா அண்ணாமலை மன்றம் கிடைத்தது 1952இல். கேட்கும் கூட்டம் முதலில் உருவாயிற்று, கட்டடம் பின்னர் எழுந்தது. இன்றும் மார்கழியில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குச் சீட்டு இல்லை. மாலைக் கச்சேரிக்கு மட்டுமே கட்டணம். உறுப்பினர் சந்தா, நன்கொடை, விளம்பரதாரர் பணம், மற்ற மாதங்களில் வரும் அரங்க வாடகை ஆகியவை சேர்ந்துதான் அவற்றைத் தாங்குகின்றன. அவை லாபத்துக்காகத் தொடங்கப்பட்டவையும் அல்ல. சீட்டு வருமானத்தை மட்டும் நம்பி எட்டு லட்சம் போடுகிறவருக்கு அவை முன்மாதிரி ஆகமாட்டா.

வெளிநாட்டு நிலையும் இதுவே. இசைக்குப் பெயர்பெற்ற பிரிட்டனில் 2023ஆம் ஆண்டு மட்டும் 125 சிறு இசைக்கூடங்கள் நேரடி நிகழ்ச்சிகளை நிறுத்தின. 2024இல் அங்குள்ள சிறு கூடங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 நட்டத்தில் ஓடின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நூறு பவுண்டு வரவுக்கு அரை பவுண்டுகூட மிஞ்சவில்லை. அந்தக் கூடங்கள் இசையில் விடுவதை மது விற்பனையில் ஈடுகட்ட முயல்கின்றன. அப்படியும் முடியவில்லை என்பதே இந்த எண்கள் சொல்லும் செய்தி. நாம் அந்த வழியை நினைத்தும் பார்க்க இயலாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நஞ்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ட மாவட்டம் இது.

இன்னும் சில செலவுகள் தாளில் இல்லை. சீட்டு விற்றுத் திரைப்பாடல் பாடினால் உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். திருமண விழாவில் பாடுவதற்கோ 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே விலக்கு அளிக்கிறது. அரங்கத்திலிருந்து ஒலி வெளியே கேட்குமானால் இரவு 10 மணிக்கு மேல் நடத்த முடியாது. ஒலி கசியாத கட்டடம் என்றால் செலவு வேறு. அவர்கள் பார்த்து வைத்திருந்த மனை மலிவானது, காரணம் அது ஆற்றை ஒட்டியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது கரையோர ஊர்கள் பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா?

கூட்டம் நிறைந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியில் சீட்டு வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். சீட்டு வாங்கியவரிடம் நாம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். இடம் கொடுக்க முடியாவிட்டால் அது அமானிதத்தில் செய்த பிழை.

இவ்வளவும் பேசிய பிறகுதான் தாளின் பின்பக்கத்தைக் கவனித்தேன். "லாப நட்டம் எப்படி இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் மாதம் 16,000 நிச்சயம்" என்று எழுதியிருந்தது. எனக்கு உண்மையில் அச்சம் ஏற்பட்டது அங்கேதான். எட்டு லட்சத்துக்கு மாதம் 16,000 என்றால் நூற்றுக்கு இரண்டு. கூட்டு வணிகத்தில் லாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பிரிக்கலாம். நட்டத்தை அவரவர் போட்ட முதலின் அளவுக்கு ஏற்க வேண்டும். ஒருவர் முதலும் ஒருவர் உழைப்பும் தரும் முளாரபாவில் நட்டம் முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு வீண். நட்டத்தில் பங்கில்லாமல் நிச்சயத் தொகை வாங்கினால் அது வட்டியின் வாசலில் போய் நிற்கும். இசை அரங்கம் என்றில்லை, அத்தர் கடை வைத்தாலும் இந்த ஒரு வரி அதைக் கெடுத்துவிடும். அதோடு, தொழிலில் வராத பணத்தை மாதாமாதம் எங்கிருந்து கொடுப்பார்கள்? அடுத்து வரும் கூட்டாளியின் முதலிலிருந்துதான். இந்தக் கதையின் முடிவை நம் மாநிலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரோடு அறிந்திருக்கின்றன.

இங்கே உலமாக்களாகிய எங்களுக்கும் ஒரு சொல். "ஹராமான தொழில், ஆகவே நட்டம் நிச்சயம்" என்று நாம் மிம்பரில் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. ஹராமான தொழில்கள் கண்ணெதிரே கொழிக்கின்றன. ஹலாலான கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. லாபம் ஹலாலுக்குச் சான்று ஆகாது, நட்டம் ஹராமுக்குச் சான்று ஆகாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் கேட்டாக வேண்டும். மதீனாவில் ஒரு ஜும்ஆ நாளில் வணிகக் கூட்டம் வந்த ஓசை கேட்டதும் பலர் நபி (ஸல்) அவர்களை நின்ற நிலையில் விட்டுவிட்டுக் கலைந்து சென்ற நிகழ்வை அறிவோம். அதைக் கண்டித்த ஸூரத்துல் ஜும்ஆவின் இறுதி வசனம் வணிகத்தையும் வேடிக்கையையும் சேர்த்தே பேசுகிறது. அதே ஸூராதான் அதற்கு முந்தைய வசனத்தில், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி ஏவுகிறது. தேடுவது கடமை என்றால் கணக்குப் பார்த்துத் தேடுவதும் அதில் அடங்கும்.

அப்படியானால் எட்டு லட்சத்தை என்ன செய்வது என்று கேட்டார். அழைப்பவர் கொடுக்கும் ஊர் இது என்றால், அழைப்பவருக்குத் தேவையானதைக் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றேன். ஏழைக் குடும்பம் நிகாஹ் நடத்தவும், பள்ளி ஆண்டு விழா வைக்கவும், ஜமாஅத் கூட்டம் போடவும் 200 பேர் அமரும் எளிய கூடம், ஆற்றிலிருந்து தள்ளி. ஆடியிலும் மார்கழியிலும் மற்ற மண்டபங்கள் காலியாகக் கிடக்கும்போது நம் நிகாஹ்கள் நடக்கும். ரமளானில் நம்முடையவை நின்றுவிடும். இதிலும் லாபம் உறுதி என்று நான் சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மண்டபங்கள் சென்ற ஆண்டு எத்தனை நாள் வாடகைக்குப் போயின என்று ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டு எழுதிவாருங்கள், அதன்பின் மஷ்வரா செய்வோம் என்று அனுப்பினேன்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "மாசம் 16,000 நிச்சயம்னு சொன்னதாலதான் ஹஜ்ரத், வீட்டுக்காரம்மா நகையையும் வச்சுக் கொடுக்கறேன்னு சொன்னாங்க."

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வார்த்தை. சகோதரிகளே, உங்கள் கணவரோ மகனோ கூட்டுத் தொழிலுக்கு நகை கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை; அது உங்கள் சொத்து. கொடுப்பதற்கு முன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் படியுங்கள். எல்லா நாற்காலியும் நிறைந்தால் என்ன வரும் என்று கேட்க வேண்டாம். பாதி காலியாக இருந்தால் அந்த இரவின் நட்டத்தை யார் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். சகோதரர்களே, கேட்டால் கோபப்படாதீர்கள். கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைக்கவும் கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது.

அவர் இன்னும் திரும்பி வரவில்லை. மண்டபங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாரா, பணத்தைப் போட்டுவிட்டாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவருக்கும் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கை அவன் தந்தருள்வானாக. ஆமீன்.