கப்பம் கேட்கும் வைரஸும் கடைக் கணக்கும்

ஐந்து சந்தியிலும் சோனகத்தெருவிலும் இன்று பல கடைகளில் கடன் கொப்பியின் இடத்தைக் கையடக்கத் தொலைபேசியும் ஒரு பழைய கணினியும் பிடித்துக்கொண்டுள்ளன. யார் எவ்வளவு பாக்கி, எந்தக் காசோலை எப்போது வங்கிக்குப் போகும், கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதெல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்குக் குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. எழுதியதைப் பாதுகாப்பதும் அதனுள் அடங்கும் என்பது என் கருத்து. ஆனால் கொப்பியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அதே வியாபாரி, தொலைபேசிக்கு ஒரு கடவுச்சொல்கூட இடாமல் மேசையில் போட்டுவிட்டு லுஹருக்குப் போகிறார்.

"நமது சின்னக் கடையை எந்த ஹேக்கர் தேடி வரப்போகிறான்?" என்று கேட்பவர்கள் பலர். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வனாக்ரை வைரஸை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டு அது கேட்ட கப்பம் வெறும் 300 டொலர். பெரிய கம்பனிகளை மட்டும் குறிவைத்தவன் கேட்கும் தொகையா இது? திறந்து கிடக்கும் கதவைத் தேடித் தானாகவே கணினிக்குக் கணினி தாவும் வைரஸுக்குச் சின்னக் கடை, பெரிய கடை என்ற பேதமில்லை. அந்தக் கதவை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

நம் நாட்டில் நடந்தது இன்னும் உறைக்கக்கூடியது. 2023 ஒகஸ்ட் மாதம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை இத்தகைய கப்ப வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காலாவதியான மென்பொருள் ஒரு காரணம். அதைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்படாமல் தள்ளிப்போயிருந்தது. அந்த மூன்று மாத காலத்துக்கு வேறிடத்தில் பிரதி இல்லாமற் போனது மற்றொன்று. அரசாங்கத்தைக் குறை சொல்வது சுலபம். நமது கடைக் கணினிகளில் இருப்பதும் இதே இரண்டு குறைகள்தானே! விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றுபோயின. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. அப்படியிருந்தும் யாரோ இலவசமாகப் போட்டுத்தந்த திருட்டுப் பிரதியில் கணக்கு எழுதுகிறோம். பூட்டை உடைத்துத் தந்தவன் கதவுக்குப் பின்னால் எதை வைத்துவிட்டுப் போனான் என்று யார் பார்த்தது?

தொலைபேசியிலோ வேறு விதமான திருட்டு. "உங்கள் எண்ணுக்குத் தவறுதலாக ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும், அதை அனுப்பிவிடுங்கள்" என்று தெரிந்த ஒருவரின் பெயரில் செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரால் உறவினர்களிடம் அவசரக் கடன் கேட்பான். புத்தளத்தில் பாதிக் குடும்பமும் யாழ்ப்பாணத்தில் மீதியும் வளைகுடாவில் ஒரு மகனுமாக வாழும் நம்மவர்களிடம், குரலைக்கூடக் கேட்காமல் பணம் அனுப்பும் பழக்கம் இருப்பதால் இந்த மோசடி இலகுவாகப் பலித்துவிடுகிறது. வட்ஸ்அப்பில் இரண்டாவது இரகசிய எண் வைக்கும் வசதி இலவசம். வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பணம் கேட்டுச் செய்தி வந்தால் முதலில் அழைத்துப் பேசுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வற்புறுத்துவது பிரதி எடுப்பதைத்தான். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தோற்கலாம், நாமும் ஒருநாள் அசந்துவிடலாம். வேறிடத்தில் பிரதி வைத்திருப்பவனிடம் கப்பம் கேட்பவனுக்குப் பாதிப் பலம் போய்விடும். பதிவுகள் இல்லாமற் போவதென்றால் என்னவென்று நமக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கடையும் காணி உறுதியும் கணக்கும் அங்கேயே கிடந்தன. வரவேண்டிய கடனை எந்த எழுத்தைக் காட்டிக் கேட்பது? உறுதியின் பிரதிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை கடை பூட்டுமுன், கணக்குகளையும் உறுதிகளின் படங்களையும் அதில் ஏற்றுங்கள். ஏற்றியதும் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இணைத்தபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கடையிலும் வைக்காதீர்கள். புத்தளத்தில் இன்னும் வீடு வைத்திருப்பவர்கள், இரண்டாவது டிஸ்க் ஒன்றை அங்கே உள்ள அலுமாரியில் வைத்து, போய்வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.